நாற்பத்தேழாவது கேள்வி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் எத்தனை நாளைக்குத்தான் மறுத்துக்கொண்டிருப்பது? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முழுக் குடும்பக் கதையும் நான் இறங்குவதற்குள் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, "சரி" என்ற ஒரு வார்த்தையையும் "அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்ற ஒரு வாக்கியத்தையும் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசு என்று ஒரு வேலையில் உட்கார வைத்தார்கள். அதற்கு என்னைப் பட்டினி போட்டிருக்கலாம்.

எங்கள் அறை மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், சலவைப் பிரிவுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் சுற்ற ஆரம்பித்தால் மேசையில் வைத்த டம்ளர் தானாக நகரும். மூன்று மேசை, மூன்று தொலைபேசி, ஒவ்வொன்றிலும் பேச்சைப் பதிவு செய்கிற கருவி, ஒரு பச்சை இரும்பு அலமாரி. கேள்வி கேட்பவர்கள் மூன்று பேர், நான் நடு மேசை. வந்த பதில்களைக் கணக்குப் போட்டு அட்டவணை ஆக்குகிற புள்ளிவிவரக்காரர் ஒருவர், தாடி வைத்தவர். அவரை நாங்கள் புள்ளியார் என்று கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். எல்லாருக்கும் மேலே தலைமை டாக்டர். குழந்தைகளின் மூளை நரம்புக்கு மருத்துவம் பார்ப்பவர், குள்ளமான அம்மா, சத்தம் போட்டே பேச மாட்டார். சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவர் மெல்லப் பேசினால்தான் எனக்குப் பயம்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்: பிறக்கிற நேரத்தை ஒட்டிக் குழந்தைக்குப் பக்கவாதம் ஏன் வருகிறது? "பச்சைப் புள்ளைக்கா? பக்கவாதமா?" என்று வாயைப் பிளக்காத ஆள் இல்லை. வருகிறது. பல ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு, மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் எங்கோ ஓர் அடைப்பு. சில குழந்தைகளுக்கு இரண்டாம் நாளே வலிப்பு வந்து காட்டிக் கொடுத்துவிடும். சில குழந்தைகள் சமர்த்தாகப் பால் குடித்துத் தூங்கி வளரும். ஆறாம் மாதம் கிலுகிலுப்பையைப் பிடிக்க எப்போதும் ஒரே கையை நீட்டும்போதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். காரணம் கேட்டால் பெரிய பெரிய டாக்டர்களே மோவாயைச் சொறிந்தார்கள்.

தலைமை டாக்டரின் வழி இதுதான். அப்படிப்பட்ட குழந்தைகளின் அம்மாக்கள் தொண்ணூறு பேர். அதே வாரங்களில் அதே மருத்துவமனைகளில் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்த குழந்தைகளின் அம்மாக்கள் இருநூற்று எழுபது பேர். எல்லாரிடமும் அதே நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை, எத்தனை மணி நேரம் வலி, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைகிற நோய் உண்டா. பக்கவாதம் வந்த இந்தப் பக்கம் அதிகமாகவும் குறையில்லாத அந்தப் பக்கம் குறைவாகவும் எது இருக்கிறதோ, அதைப் பிடித்து விசாரிக்கலாம்.

நான் இந்த வேலைக்கு வந்ததே வஞ்சம் தீர்க்கத்தான். அதற்கு முன் புறநோயாளிகள் பிரிவில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் இருந்தேன். என் தங்கைக்குப் பெண் பிறந்து இரண்டாம் நாள், குழந்தையின் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார்கள். அந்தக் குழந்தைதான் எங்கள் வாண்டு. வளர்ந்தாள், நடந்தாள், பேச்சில் என்னையே மிஞ்சினாள். வலது கை மட்டும் கொஞ்சம் சோம்பேறி. யார் என் வாண்டுவுக்கு இதைச் செய்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, அவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள்ளேயே விண்ணப்பம் போட்டேன். தலைமை டாக்டரிடம் உறவை ஒளிக்காமல் சொன்னேன்.

"உங்க தங்கச்சியை வேற ஒருத்தர்தான் கேட்பாங்க. வீட்ல ஆய்வைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் அவர்.

"மூச்சு விட மாட்டேன் டாக்டர்" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

எங்கள் பட்டியலில் எந்த அம்மா எந்தப் பக்கம் என்று எழுதியிருக்காது. தெரிந்தால் குரல் மாறும், குரல் மாறினால் பதில் மாறும் என்பது டாக்டரின் கணக்கு. எழுதாவிட்டால் என்ன, இரண்டே நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிடும். நல்லபடியாகப் பிறந்த குழந்தையின் அம்மா ஒரு கையில் கரண்டியோடு பேசுவாள். "காய்ச்சலா? வந்துச்சோ என்னவோ, யாருக்கு ஞாபகம் இருக்கு? டேய், அதை எடுத்து வாயில போடாதே!" இந்தப் பக்கத்து அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசுவாள். தேதி சொல்வாள், கிழமை சொல்வாள், அன்றைக்கு உடுத்திய உடையின் நிறம் சொல்வாள். ஒன்பது மாதத்தையும் ஆயிரம் தடவை புரட்டிப் பார்த்தவள்.

நாற்பத்தேழாவது கேள்வி: "கர்ப்ப காலத்தில் எப்போதாவது கீழே விழுந்தீர்களா?" பதில் எதுவானாலும் நாங்கள் சொல்ல வேண்டியது "சரி." ஐயோ கிடையாது, அப்படியா கிடையாது, பாவமே கிடையாது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி, சரி" என்றுதான் ஓட்டினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு மாதம் போன பிறகு புள்ளியார் முதல் அட்டவணையைக் கொண்டுவந்தார். விழுந்தவர்கள்: அந்தப் பக்கம் நூற்றுக்குப் பதினைந்து, இந்தப் பக்கம் நூற்றுக்கு முப்பத்தெட்டு. அறையே எழுந்து நின்றது. தலைமை டாக்டர் மட்டும் உட்கார்ந்தபடியே, "இன்னும் பார்க்கணும். இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்துவிட்டோம்! நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் அப்போது மூன்று மாதம், இரண்டாவது. நல்ல சேதி சொல்கிற மாதிரி, வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "காரணம் தெரிஞ்சுபோச்சுடி. கர்ப்பமா இருக்கிறப்போ கீழே விழறதுதான். இந்தத் தடவை நீ ஜாக்கிரதையா இருந்தா போதும், ஒண்ணும் ஆகாது."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேயறைந்த மாதிரி நின்றாள்.

"அக்கா, ஏழாம் மாசம் நான் ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன்" என்றாள். "அலமாரி மேல இருந்த பெட்டியை எடுக்க ஏறினேன். யார்கிட்டயும் சொல்லல. அடியே படல, எழுந்து வேலையைப் பார்த்தேன். கேள்வி கேட்டவங்ககிட்டகூட இல்லன்னுதான் சொன்னேன்."

இரண்டு வருஷமாக அவளே மறந்துவிட்ட ஒரு ஸ்டூலை நான் கொண்டுபோய் அவள் நெஞ்சில் ஏற்றி வைத்தேன். என்னை எதனால் அடிப்பது?

மறுநாளிலிருந்து அவள் படுத்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பிரசவ டாக்டர் நட என்றார். இவள் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, வீட்டிலிருந்த கால்மிதிகளை எல்லாம் சுருட்டி எடுத்தார், ஸ்டூலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அப்படியும் அவள் பயம் போகவில்லை. வாண்டுவைத் தூக்குவதை நிறுத்தினாள். அதுகூடப் பரவாயில்லை. வாண்டுவின் வலது கைக்குத் தினமும் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்ட வேண்டும்: இடது கையில் ஒரு காலுறையை மாட்டிவிட்டு, வலது கையாலேயே கட்டை அடுக்க வைக்க வேண்டும். அம்மாவோடு என்றால் அவள் சிரித்துக்கொண்டு செய்வாள். அப்பாவோடு உட்கார்ந்தால் காலுறையைப் பல்லால் உருவி எறிந்தாள். அந்தக் கை மறுபடி மடங்க ஆரம்பித்தது.

"அம்மா, கீழ வா" என்று கட்டில் ஓரத்தில் நின்று கூப்பிடுவாள்.

"அம்மா வந்தா விழுந்துடுவேன் கண்ணு" என்பாள் என் தங்கை.

கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் புள்ளியார் மறுபடி ஓர் அட்டவணையோடு வந்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் ஈயாடவில்லை. யார் யாரைக் கேட்டார்கள் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்து அம்மாக்களில் மற்ற இருவரும் கேட்ட ஐம்பத்தொன்பது பேரில் விழுந்தவர்கள் பதினைந்து. நான் கேட்ட முப்பத்தொரு பேரில் பத்தொன்பது.

"உங்க பக்கம் மட்டும் எல்லாரும் ஏன் இப்படி விழறாங்க?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நானா தள்ளி விட்டேன்?" என்று எகிறினேன்.

அவர் பதிவுக் கருவியைப் போட்டார். என் குரல். "கர்ப்ப காலத்தில் எப்போதாவது கீழே விழுந்தீர்களா?" ஒரு பெண் சொல்கிறாள்: "விழல... படியில ஒரு தடவை தடுமாறினேன்." அப்புறம் ஒரு சத்தம்: "உச்." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, அனுதாபம் வழிய வழிய, அச்சு அசலாக நான்தான். உடனே அந்தப் பெண்ணின் குரல் உடைகிறது. "ஆமாங்க, விழுந்த மாதிரிதான் ஆச்சு. கைப்பிடியைப் பிடிச்சிருக்காட்டி என்ன ஆகியிருக்கும்? இன்னொரு நாள்கூட..." மறுபடி: "உச்." மூன்றாவது விழுதல் வருகிறது.

"இந்தப் பக்கத்து அம்மாக்களுக்கு, நேர்காணலுக்குச் சராசரி பதினோரு உச்" என்றார் புள்ளியார். "அந்தப் பக்கத்து அம்மாக்களுக்குச் சராசரி ஒண்ணு."

மற்ற இரண்டு மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. உச்சுக் கொட்டுவதெல்லாம் என் காதில் விழுந்ததே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு வந்திருக்கிறது. கட்டில் காலில் இடித்துக்கொண்டது, பேருந்து குலுக்கியது, செருப்பு வழுக்கியது எல்லாம் என் ஒரு உச்சுக்குப் பிறகு "விழுந்தேன்" ஆகியிருக்கிறது. கரண்டியும் கையுமாகப் பேசியவர்களுக்கு நான் உச்சும் கொட்டவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குழந்தைகளின் பக்கவாதத்துக்கு நானே என் வாயால் ஒரு காரணத்தைத் தயாரித்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். தலைமை டாக்டர் மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தங்கை, ஸ்டூல், கட்டில், வாண்டுவின் கை. திட்டுவார், சீட்டைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன்.

"முதல்ல வீட்ல சொன்னது தப்பு. பெரிய தப்பு" என்றார், வழக்கம்போல மெல்ல. "ரெண்டாவது, உங்க வாயை நம்பித்தான் இவங்க மணிக்கணக்கா பேசறாங்க. மத்த ரெண்டு பேர்கிட்டயும் பாதியிலயே ஃபோனை வைக்கறவங்க உங்ககிட்ட வைக்கறதில்ல. எனக்கு அந்த வாய் வேணும். அந்த உச் மட்டும் வேண்டாம்."

அப்படி ஆரம்பித்தது என் பயிற்சி. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. புள்ளியார்தான் அம்மா. எதிர் நாற்காலியில் தாடியைத் தடவிக்கொண்டு உட்காருவார். நான் கேள்வி கேட்க வேண்டும், அவர் என்ன சொன்னாலும் "சரி" என்பதைத் தவிர ஒரு சத்தம் வரக் கூடாது.

"எட்டாம் மாசங்க, ஏணியில ஏறினேன்."

"சரி."

"மேல் படி உடைஞ்சுதுங்க. கீழே ஒரு நாய் வேற படுத்திருந்துச்சு."

"ச... சரி."

"அந்த நாயும் கர்ப்பமா இருந்துச்சுங்க."

"உச்!"

"போச்சு" என்று நோட்டில் ஒரு கோடு போடுவார். முதல் நாள் நாற்பத்து மூன்று கோடு. கீழே சலவைப் பிரிவுக்காரர்கள் மேலே என்ன கும்மாளம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பத்தாம் நாள், அவருடைய வீடு தீப்பிடித்து, மாமியார் மயங்கி, அவர் மூன்றாம் மாடியிலிருந்து போர்வையோடு குதித்தபோதுகூட நான் "சரி, அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றேன். மனுஷர் எழுந்து நின்று கைதட்டினார்.

பிறகு, விஷயம் தெரிந்துபோன என் தங்கையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் முதலிலிருந்து மறுபடி கேட்டோம். இந்தத் தடவை வேறு முறை. விழுந்தீர்களா என்று மொட்டையாகக் கேட்பதில்லை. மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டு போனோம்: அப்போது எந்த வீடு, படி உண்டா, எதில் வேலைக்குப் போனீர்கள், மழையா வெயிலா. கரண்டிக்காரியாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டவளாக இருந்தாலும் அதே கேள்வி, அதே நேரம், அதே "சரி." உடம்பு தரையில் பட்டால்தான் விழுந்த கணக்கு. கொஞ்சம் நேரம் கொடுத்ததும் கரண்டிக்காரிகளுக்கும் ஞாபகம் வந்தது. "அட, ஆமாம்! மாடிப்படியில சறுக்கிக்கிட்டே வந்தேன். எப்படி மறந்தேன்?" என்று ஒருத்தி தானே சிரித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று. பதினோரு பேர்தான் பாக்கி என்ற நிலையில் புள்ளியார் கணக்கைக் காட்டினார். இந்தப் பக்கம் விழுந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தாறு. அந்தப் பக்கம் நூற்றுக்கு இருபத்தைந்து.

"பாக்கி பதினோரு பேர் வந்தாலும் இது பெரிசா மாறாது" என்றார். "விழறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தலைமை டாக்டர் என்னைப் பார்த்தார். "தப்பானதைச் சொன்னீங்க. சரியானதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க. இதுக்கு மட்டும் அனுமதி."

ஓட்டமாக ஓடினேன். தங்கைக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது, தலையணைகளுக்கு நடுவே இருந்தாள். உச் கதையைச் சொன்னேன், நாய்க் கதையைச் சொன்னேன், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதியும் காட்டினேன். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் ஓடி வந்து சொன்ன. அன்னிக்கும் நம்பர்தான் சொன்ன. அடுத்த வருஷம் வந்து வேற நம்பர் சொல்லுவ. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்கா. நான் விழுந்தேன், என் புள்ளைக்கு இப்படி ஆச்சு."

ஒருமுறை பொய்த்த வாய். நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் ஆய்வில் இருந்த குழந்தைகளுக்கு இரண்டரை வயதுக் கைச் சோதனை வந்தது. குழந்தைகளைச் சிறு சிறு கூட்டமாக வரவழைத்து, வளையம் கோர்க்கவும் டப்பா திறக்கவும் விட்டு, எந்தக் கை முந்துகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் கலந்துதான் வருவார்கள். காத்திருக்கும் அறையின் பொறுப்பு என்னுடையது. அம்மாக்கள் ஒருவரோடொருவர் ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருத்தி ஞாபகம் இன்னொருத்திக்கு ஒட்டிக்கொள்ளும். பெரிய எழுத்தில் அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான், காவலுக்கு உட்கார்ந்ததும் நான். நல்ல ஆளைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

அன்று ஏழு அம்மாக்கள். அவர்களில் மூன்று பேர் எங்கள் பாக்கிப் பட்டியலில் இருந்தவர்கள். சோதனை முடிந்ததும் அவர்களை நேரிலேயே கேட்டுவிடுவதாக இருந்தோம். ஏழாவதாக என் தங்கை வந்தாள். மாப்பிள்ளை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம், கண்ணாடிச் சாமானைக் கொண்டுவருகிற மாதிரி அவளைக் கொண்டுவந்து நாற்காலியில் இறக்கிவிட்டு வாண்டுவை உள்ளே கூட்டிப்போனார். மற்றக் குழந்தைகள் அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நாற்காலிக்கு அடியில் புகுந்தது, ஒன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. எது எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தங்கை அந்தக் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அந்த அறிவிப்புக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "ஏங்க, உங்கள்ல யாராவது மாசமா இருந்தப்போ கீழே விழுந்தீங்களா?"

எழுந்துவிட்டேன். "இங்க அதெல்லாம் பேசக் கூடா..." என்று பாதி சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை, பதில் வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அந்த முகத்தில் வேறெதுவும் இல்லை. பாக்கி மூன்று பேருடைய பதிலும் பாழாகும் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்துகொண்டேன்.

"நானா?" என்றாள் ஜன்னலோரம் இருந்த பருமனான பெண். "நான் விழுந்ததைத் தெருவே பார்த்துச்சு! பேருந்துப் படியிலேர்ந்து நேரா ஒரு தபால்காரர் மேல. ஒன்பதாம் மாசம். மனுஷன் இன்னும் என்னைப் பார்த்தா எதிர்ப் பக்கம் போயிடறார்."

அறை குபீரென்று சிரித்தது.

"உங்க குழந்தை?" என்றாள் தங்கை.

"அதோ, நாற்காலிக்கு அடியில. அவனை வெளிய எடுக்க ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க, அவனும் ரெண்டு கையாலயும் கடைசிவரைக்கும் பிடிச்சுக்குவான்."

"நான் குளியலறையில விழுந்தேன்" என்றாள் இன்னொருத்தி, செருப்புத் திருடியின் அம்மா. "எழுந்துக்க முடியல. அவர் வந்து தூக்கறேன்னு அவரும் விழுந்தார்."

"எனக்கு அலுவலகத்துல, சக்கர நாற்காலி பின்னால நழுவிடுச்சு. நான் உட்கார்ந்தது காத்துல" என்றாள் மூன்றாமவள்.

மூலையில் இருந்த ஒரு மெலிந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நான் விழவே இல்லைங்க" என்றாள் மெதுவாக. "ஒன்பது மாசமும் பார்த்துப் பார்த்து அடி எடுத்து வெச்சேன். எங்க வீட்ல என்னை வேலையே செய்ய விடல." மடியில் இருந்த மகனின் மூடிய இடது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஆனா இவனுக்கு வந்துச்சு."

தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. நேரே நடந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குட்டி விரல்களைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எங்க வாண்டுவுக்கு வலது" என்றாள். "காலுறை மாட்டி விடுவீங்களா?"

"பல்லால உருவிடறான்."

"அய்யோ, அவளும்தான்!" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிக்கும்போதே இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான், நான் என்ன கல்லா?

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தலைமை டாக்டர், பின்னால் புள்ளியார். டாக்டர் அறையைப் பார்த்தார், அறிவிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை பேர்?" என்றார், மிக மெல்ல.

"பாக்கியிருந்ததுல மூணு பேர், டாக்டர். எல்லாத்தையும் கேட்டுட்டாங்க. நான்தான் தடுக்கல."

அவர் புள்ளியாரிடம் திரும்பினார். "மூணு பேரை நீக்கிடுங்க. காரணம் எழுதுங்க." புள்ளியார் நோட்டைத் திறந்து, காரணத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

"டாக்டர்" என்று கூப்பிட்டாள் என் தங்கை. அந்தப் பையனின் விரல்களை அவள் இன்னும் விடவில்லை. "அப்போ எதனாலதான் வருது?"

"தெரியலம்மா" என்றார் டாக்டர்.

"தெரியலையா?"

"ரெண்டு மூணு இடத்துல சந்தேகம் இருக்கு. தேடிட்டிருக்கோம். இன்னிக்குத் தேதிக்குத் தெரியாது."

இத்தனை படித்த ஒருத்தர் இத்தனை பேருக்கு முன்னால் கூசாமல் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன், டாக்டர். அது இல்லைங்கறதாவது தெரியுமா?"

"அது தெரியும்" என்றார் டாக்டர்.

தங்கை தலையை ஆட்டினாள். இன்னொரு தடவை ஆட்டினாள். உள்ளேயிருந்து வாண்டு ஓடி வந்தாள், வலது கையில் ஒரு மஞ்சள் வளையம் எப்படியோ மாட்டிக்கொண்டு தொங்கியது. தங்கை தன் பாட்டுக்குத் தரையில் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். மாப்பிள்ளை "பார்த்து, பார்த்து" என்று பதறிக்கொண்டு வந்தார். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

மகளை மடியில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அந்த வாசலில் நான் செருப்பைக் கழற்றிய நாளிலிருந்து அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"நீ வீட்டுக்கு வா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அஞ்சு மாசம் என்னைக் கட்டில்ல போட்டல்ல? உன்னை வெச்சுக்கறேன்."

"வர்றேன்டி" என்றேன். "சாயங்காலமே வர்றேன்."